சுவைஞனின் சாசனம்: குஸ்தாவ் கைபொத்தும் மனப்பதிவுவாத ஓவியமும்

கலை வரலாறு பெரும்பாலும் கலைஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கலைஞரை அடுத்து, அவரைப் பேணிய அரசர், திருச்சபை, செல்வந்தர் ஆகியோரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவர். இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் தாமும் தூரிகை பிடித்தவர். ஆயின் ஓவியத்தை விற்றுச் சீவிக்க வேண்டிய தேவை இல்லாதவர். தம் சமகாலத்தவரின் ஆக்கங்களைக் கைத்திறனின் அருமை அறிந்த கண்கொண்டு நோக்கிச் சுவைத்தவர். இத்தகையோரை 'அமெச்சூர்' என்று சுட்டுவது வழக்கம். இன்று அச்சொல்லில் ஏளனத் தொனியொன்று கலந்துவிட்டது. அதற்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லோ 'நேசிப்பவர்' என்னும் பொருளது. கலைப் பொருள்களை விரும்பித் தேடிச் சேர்ப்பவரையும் அம்மொழியில் அது குறிக்கும்.

இவ்விரு பொருளுக்கும் ஒருங்கே பொருந்தி நின்றவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபொத் (1848-1894). மொனே, றெனுவார், தெகா, பிசாரோ, சிஸ்லே, செசான் ஆகியோர் இன்று உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள். அவர்களுடைய ஆக்கங்களை மக்கள் நகைத்த காலத்தில் அவற்றை விரும்பி வாங்கியவர் கைபொத். தாம் விரும்பியவற்றை நாட்டின் உடைமையாக்குமாறு சாசனம் எழுதி வைத்தவரும் அவரே. ஒரு தனிமனிதனின் சுவை, ஒரு நாட்டின் நூதனசாலையையும் அதன் வழியே கலை வரலாற்றையும் எவ்வாறு மாற்றியமைத்தது என்பதை அவரை உதாரணமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலமும் களமும்

கைபொத் பிறந்த 1848ஆம் ஆண்டு பிரான்சில் முடியாட்சி வீழ்ந்து இரண்டாம் குடியரசு தோன்றிய ஆண்டு. அடுத்த சில ஆண்டுகளில் மூன்றாம் நெப்போலியனின் பேரரசு நிலைபெற்றது. அவரது ஆணைப்படி ஓஸ்மான் என்னும் நிர்வாகி பாரிஸ் நகரின் பழைய குறுந்தெருக்களை இடித்து, நீண்டகன்ற வீதிகளையும் ஒரே சீரான உயர்ந்த மாடிக் கட்டடங்களையும் எழுப்பினார். புகையிரத நிலையங்களும் இரும்புப் பாலங்களும் நகரின் தோற்றத்தை மாற்றின. பணம் படைத்த பூர்சுவா வர்க்கத்தினர் இப்புதிய வீதிகளில் குடியேறினர்.

வாழ்க்கை இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, ஓவியத்துறையோ பழைய அதிகாரத்தின் பிடியிலேயே இருந்தது. 'சலோன்' எனப்பட்ட அரச கண்காட்சியே ஓவியர் ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. அதன் நடுவர் குழுவிலே அக்கடமி சார்ந்த மூத்தோரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. புராண வரலாற்றுக் காட்சிகளையும், தூரிகைத் தடம் தெரியாத வழுவழுப்பான மேற்பரப்பையும் அவர்கள் வேண்டி நின்றனர். 1863இல் நிராகரிக்கப்பட்ட ஓவியங்களின் தொகை மிகப் பெரிதாக இருந்தமையால், அவற்றுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தப் பேரரசரே அனுமதி வழங்க நேர்ந்தது.

1874இல் இளம் ஓவியர் சிலர் ஒன்றுசேர்ந்து, நடுவர் குழு எதுவுமின்றித் தம் சொந்தப் பொறுப்பில் கண்காட்சி ஒன்றை நடத்தினர். புகைப்படக் கலைஞர் நடாரின் பழைய கலைக்கூடத்தில் அது நடைபெற்றது. அங்கு வைக்கப்பட்ட மொனேயின் ஓவியமொன்றின் தலைப்பைப் பற்றிக்கொண்டு, 'மனப்பதிவுவாதிகள்' என்று பத்திரிகையாளர் ஒருவர் பரிகசித்தார். பரிகாசப் பெயரே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று. மறு ஆண்டு இவர்களுட் சிலர் தம் ஓவியங்களை ஏலத்தில் விட்டபோது, கூச்சலிட்ட கூட்டத்தை அடக்கப் பொலிசார் அழைக்கப்பட்டனர். கைபொத் இக்குழுவினருடன் இணைந்தது இத்தகைய சூழ்நிலையிலேதான்.

வாழ்வும் ஓவியமும்

கைபொத்தின் தந்தையார் இராணுவத்துக்குப் படுக்கைத் துணிகள் வழங்கும் வாணிபத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். வணிக நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கியவர். மைந்தர் சட்டம் பயின்றார். 1870-71ஆம் ஆண்டுப் பிரான்சிய-பிரசியப் போர்க்காலத்தில் படைச்சேவை புரிந்தார். அதன்பின் லெயோன் பொன்னா என்னும் ஓவியரிடம் பயின்று, 1873இல் அரச நுண்கலைக் கல்லூரியில் அனுமதி பெற்றார். 1874இன் இறுதியில் தந்தையார் காலமானார். இருபத்தாறு வயதில் அவர் பொருளாதாரக் கவலையற்ற மனிதரானார்.

அடுத்த ஆண்டு அவர் தீட்டிய 'தரை சீவுவோர்' என்னும் ஓவியம் சலோனால் நிராகரிக்கப்பட்டது. இன்று அவருடைய ஆக்கங்களுள் மிக அறியப்பட்டவற்றுள் ஒன்றான அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். மாடி வீட்டின் வெறுமையான அறையொன்று. மேலாடையின்றி முழந்தாளிட்டுக் குனிந்த மூன்று தொழிலாளர் மரத்தரையைச் சீவுகின்றனர். பின்னுள்ள சாளரத்தின் வழியே வரும் ஒளி அவர்தம் முதுகிலும் தோளிலும் பட்டு, சீவப்படாத பளபளப்பான தரையிலும் வழிந்தோடுகிறது. சுருள் சுருளாய் மரச்சீவல்கள் சிதறிக் கிடக்கின்றன. வலப்புறத்தே ஒரு வைன் போத்தலும் குவளையும் உள்ளன. மேலிருந்து நோக்கும் கோணத்தில் வரையப்பட்டமையால் தரை முழுவதும் பார்வையாளரை நோக்கிச் சரிந்து வருவது போன்ற உணர்வு ஏற்படுகின்றது.

உழைப்பாளரை ஓவியப் பொருளாக்கியவர் கைபொத்துக்கு முன்பும் இருந்தனர். மில்லே கதிர் பொறுக்கும் குடியானவப் பெண்களைத் தீட்டினார். கூர்பே வீதியோரத்தில் கல்லுடைப்போரைத் தீட்டினார். நகரத்துக் கூலித் தொழிலாளியோ ஓவியத்தில் அரிதாகவே தோன்றினான். கைபொத்தின் ஓவியத்திலே கழிவிரக்கமும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. செய்யப்படும் தொழில் எதுவோ அதுவே காட்டப்படுகின்றது. அத்தொழிலாளர் சீவிய தரையில் நடமாடும் வர்க்கத்தைச் சேர்ந்தவரே இதனைத் தீட்டினார் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தம் வர்க்கத்தவர் காணாது கடந்து செல்வதை அவருடைய கண் நின்று கண்டது.

1876இல் மனப்பதிவுவாதிகளின் இரண்டாவது கண்காட்சியில் இவ்வோவியம் வைக்கப்பட்டது. நாவலாசிரியர் எமில் ஸோலா கூட, கைபொத்தின் துல்லியத்தைக் குறையாகவே கண்டார். அளவுமீறிய துல்லியம் கலையைக் கொன்றுவிடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். 1877இல் வைக்கப்பட்ட 'பாரிஸ் வீதி, மழை நாள்' ஏறத்தாழ 212 சென்ரிமீற்றர் உயரமும் 276 சென்ரிமீற்றர் அகலமும் உடைய பேரோவியம். விளக்குக் கம்பம் ஒன்று அதனை நடுவே பிளந்து நிற்கின்றது. ஈரம் மினுங்கும் கற்பாவிய வீதியில் குடை பிடித்தோர் ஒருவரையொருவர் நோக்காது நடந்து செல்கின்றனர். ஓஸ்மானின் புதிய நகரமும், அதில் ஒன்றுகூடியும் தனித்திருக்கும் மனிதரும் இங்குப் பதிவாகியுள்ளனர்.

தேர்ந்த கண்

கைபொத்தின் சொந்த ஓவியத்தையும் அவர் விரும்பிச் சேர்த்த ஓவியங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர் ஒரு முக்கியமான உண்மையைக் காண்பர். அவரது ஓவியம் கோட்டினால் கட்டப்பட்டது. திட்டமிட்ட அளவுகளும், ஆழ்ந்து ஓடும் தூர நோக்கும், அடங்கிய நிறங்களும் கொண்டது. அவர் நேசித்த ஓவியங்களிலோ கோடு கரைந்து போகின்றது. றெனுவாரின் 'மூலான் தெ லா கலெத் நடனம்' என்னும் ஓவியத்தில் மர இலைகளினூடே விழும் ஒளித்துளிகள் ஆடுவோரின் ஆடைகளிலும் முகங்களிலும் சிதறி, உருவங்களின் எல்லையையே அழிக்கின்றன. மொனேயின் 'சேன்-லஸார் நிலையம்' ஓவியத்தில் புகையிரதத்தின் நீராவி நீலமும் சாம்பலுமாய்ப் பரந்து இரும்புக் கூரையை மறைக்கின்றது. இவ்விரண்டையும் வாங்கியவர் கைபொத்.

தம்மைப் போல் தீட்டுவோரை விரும்புவது எளிது. அது தற்காதலின் ஒரு வகையாகவும் அமையலாம். தம்மால் இயலாததையும் தம் வழிக்கு மாறானதையும் இனங்கண்டு மதிப்பதே உயர்ந்த சுவை. அதற்குக் கல்வி மாத்திரம் போதாது. ஒரு நிறத்தை மற்றொரு நிறத்தின் அருகே வைப்பதிலுள்ள இடர்ப்பாட்டைக் கையால் அறிந்தவருக்கே, அதனை எளிதாகச் சாதித்தவரின் பெருமை முற்றாகப் புலப்படும். கைபொத்தின் தெரிவுகளில் இவ்வறிவைக் காண்கிறோம். பிசாரோவின் 'செங்கூரைகள்' ஓவியத்தில் வீடுகளும் மரக்கிளைகளும் பின்னிப் பிணைந்து ஒரே வண்ணப் பரப்பாகின்றன. செசானின் 'எஸ்தாக்' கடற்காட்சியில் நீர்ப்பரப்பே திண்மையான பொருளாகின்றது. நண்பர்களின் ஆக்கங்களையே அவர் பெரிதும் வாங்கினார் எனினும், அவருடைய தேர்வு நட்புக் கடமையுடன் நின்றுவிடவில்லை. மனே இறந்தபின் 1884இல் நடைபெற்ற ஏலத்தில் அவரது 'மேன்மாடம்' ஓவியத்தை வாங்கியமை இதற்குச் சான்று.

அவரது ஆதரவு ஓவியங்களை வாங்குவதுடன் அமையவில்லை. சேன்-லஸார் நிலையத்தைத் தீட்டுவதற்காக மொனே அதனருகே அமர்த்திய அறைக்கு வாடகை கொடுத்தார். மொனேயின் பணமுடைக் கடிதங்கள் பலவற்றுக்கும் செவிசாய்த்தார். 1877ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குரிய இடத்தை வாடகைக்கு அமர்த்துவதிலும் ஓவியர்களை ஒன்றுசேர்ப்பதிலும் அவர் பங்கு தலையாயது. மனப்பதிவுவாதிகளின் எட்டுக் கண்காட்சிகளுள் ஐந்தில் அவரே ஓவியராகப் பங்கேற்றார். தெகா தம் சீடர்களையும் நண்பர்களையும் குழுவுக்குள் கொணர்ந்தபோது, அதனால் கண்காட்சியின் தரமும் ஒற்றுமையும் குலையும் என 1881இல் பிசாரோவுக்கு எழுதி முரண்பட்டார். அவ்வாண்டுக் கண்காட்சியில் பங்குபற்றவுமில்லை. ஆயினும் தெகாவின் ஓவியங்களை அவர் தம் சேகரிப்பிலிருந்து நீக்கவில்லை. மனிதரோடு கொண்ட பிணக்கு ஓவியத்தின் மதிப்பீட்டைத் தீண்டவில்லை.

எனினும் அவரது சுவைக்கும் எல்லை உண்டு. கண்காட்சிகளில் உடனிருந்த பெண் ஓவியர் பேர்த் மொறிசோவின் பெயர் அவரது சாசனத்தில் இடம்பெறுகின்றது; அவர் நாட்டுக்கு அளித்த தொகுப்பிலோ மொறிசோவின் ஆக்கம் எதுவும் இல்லை. அவர் ஓவியமொன்றை 1894இல் அரசே தனியாக வாங்க வேண்டியிருந்தது. தாராள நோக்குடைய சுவைஞரும் தம் காலத்தின் கண்ணிலிருந்து முற்றாக விடுபடுதல் அரிது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

சாசனம்

1876 நவம்பர் மாதத் தொடக்கத்தில் கைபொத்தின் தம்பி ரெனே இளம் வயதில் இறந்தார். அதே ஆண்டில் சாளரத்தருகே நின்று வீதியை நோக்கும் நிலையில் கைபொத் தீட்டியவர் அவரே. தம்பி இறந்த சில நாள்களுள், நவம்பர் 3ஆம் திகதி, இருபத்தெட்டு வயதான கைபொத் தம் மரணசாசனத்தை எழுதினார். தாமும் நெடுநாள் வாழப்போவதில்லை என்ற அச்சம் அவருக்கு இருந்ததாகத் தெரிகின்றது.

அச்சாசனத்தின் முதல் விருப்பம் தம் நண்பர்களின் அடுத்த கண்காட்சிக்கான செலவைத் தம் சொத்திலிருந்து வழங்குதல். அடுத்தது, தம்மிடமுள்ள ஓவியங்களை அரசுக்கு அளித்தல். இக்கொடைக்கு அவர் விதித்த நிபந்தனை கூர்மையானது: ஓவியங்கள் பரண்மீதோ மாகாண நூதனசாலையிலோ முடங்கக்கூடாது, வாழும் ஓவியர்களின் ஆக்கங்களுக்குரிய லுக்சம்பூர்க் நூதனசாலையில் முதலிலும், பின்னர் லூவரிலும் இடம்பெறவேண்டும். இதனை நிறைவேற்றும் பொறுப்பு றெனுவாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மேலும் ஒரு வாசகம் நம் சிந்தனைக்குரியது. பொதுமக்கள் இவ்வோவியத்தைப் புரிந்துகொள்ளாவிடினும், குறைந்தபட்சம் ஏற்றுக்கொள்ளும் நிலை வரும்வரை சிலகாலம் செல்ல வேண்டும் என்றும், அதற்கு இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்றும் அவர் கணித்திருந்தார். ஏற்றல் முதலில் நிகழும், புரிதல் பின்னர் வரலாம் என்ற இக்கணிப்பு ஒரு சட்டம் பயின்றவரின் நிதானத்தைக் காட்டுகின்றது. காண்பதற்கு வாய்ப்பளித்தால் கண் பழகும் என அவர் நம்பினார். அதனாலேயே சுவரில் இடம் கேட்டார்.

இச்சாசனத்தில் அவர் தம் சொந்த ஓவியம் ஒன்றையேனும் சேர்க்கவில்லை.

1882க்குப் பின் கைபொத் கண்காட்சிகளிலிருந்து ஒதுங்கினார். சேன் நதிக்கரையிலுள்ள பெத்தி-ஜென்விலியேயில் குடியமர்ந்து, பாய்ப்படகுகளை வடிவமைத்தும் அவற்றை ஓட்டியும், பூந்தோட்டம் வளர்த்தும் வாழ்ந்தார்; ஓவியம் தீட்டுவதையும் கைவிட்டாரல்லர். சகோதரர் மார்சியலுடன் சேர்ந்து அவர் திரட்டிய தபால் முத்திரைத் தொகுதி இங்கிலாந்துச் சேகரிப்பாளர் தாப்ளிங் என்பவரால் 1887இல் வாங்கப்பட்டு, அவர் வழியே இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. 1894 பெப்ரவரி 21ஆம் திகதி, நாற்பத்தைந்தாம் வயதில் கைபொத் காலமானார்.

அரசும் அக்கடமியும்

கொடை பற்றிய செய்தி பரவியதும் எதிர்ப்பு மூண்டது. அக்கடமி ஓவியர் ஜெரோம், இத்தகைய குப்பையை அரசு ஏற்பது ஒழுக்க வீழ்ச்சியின் அடையாளம் என்னும் கருத்துப்படக் கடுமையாகச் சாடினார். இந்நிகழ்ச்சியை வைத்து, மூடத்தனமான அரசு ஒரு பெருங்கொடையை உதைத்துத் தள்ளியது என்றொரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. வரலாற்று மாணவர் இதனை அப்படியே ஏற்றல் கூடாது. பிற்கால ஆய்வுகள் நிலைமை சிக்கலானது எனக் காட்டியுள்ளன. நூதனசாலைகளின் ஆலோசனைக் குழு தொடக்கத்தில் கொடையை ஏற்க இணங்கியே இருந்தது. லுக்சம்பூர்க்கில் இடம் மிகக் குறைவு. எதனையும் களஞ்சியத்தில் வைக்கவோ மாகாணங்களுக்கு அனுப்பவோ நிபந்தனை இடமளிக்கவில்லை. ஓவியங்களைக் காக்கும் பொருட்டு எழுதப்பட்ட நிபந்தனையே அவற்றை முழுமையாக ஏற்பதற்குத் தடையாயிற்று.

றெனுவாரும் மார்சியலும் அதிகாரிகளுடன் நீண்ட பேச்சுவார்த்தை நடத்தினர். ஈற்றில், அரசு தான் விரும்பியவற்றைத் தெரிந்தெடுப்பது, எஞ்சியவை குடும்பத்தினரிடம் இருப்பது என்ற உடன்பாடு ஏற்பட்டது. அறுபத்தேழு மனப்பதிவுவாத ஆக்கங்களில் 38 தெரிவு செய்யப்பட்டன: மொனே 8, தெகா 7, பிசாரோ 7, றெனுவார் 6, சிஸ்லே 6, மனே 2, செசான் 2. மில்லேயின் இரு சித்திரங்களும் உடன் சென்றன. மொனேயின் 16இல் பாதியும், பிசாரோவின் 18இல் பதினொன்றும் விடப்பட்டன என்பதை நோக்கின், அரசின் கண் எங்கே தயங்கியது என்பது தெளிவாகும். றெனுவாரின் முயற்சியால் கைபொத்தின் 'தரை சீவுவோர்' ஓவியமும் வாரிசுகளின் கொடையாக அரசிடம் சேர்ந்தது. தம்மை மறைத்துக்கொண்ட நண்பருக்கு அவர் செய்த நன்றிக்கடன் அது.

1897இல் லுக்சம்பூர்க்கின் புதிய இணைப்பு மண்டபத்தில் இவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அக்கடமி உறுப்பினர்கள் எழுத்துமூலம் ஆட்சேபித்தனர். செனற் சபையிலும் பிரச்சினை எழுப்பப்பட்டது. ஆயினும் ஓவியங்கள் சுவரிலிருந்து இறக்கப்படவில்லை. கைபொத் கணித்த இருபது ஆண்டுகளும் சரியாக நிறைவெய்தியிருந்தன.

விடப்பட்டவை பின்னர் மீண்டும் அரசுக்கு முன்வைக்கப்பட்டபோதும் ஏற்கப்படவில்லை. அவற்றின் மதிப்பு உயர்ந்தபின் 1928இல் அரசு உரிமை கோரியது, குடும்பத்தினர் மறுத்துவிட்டனர். செசானின் 'ஓய்வுறும் குளிப்போர்' இவ்வாறு விடப்பட்டவற்றுள் ஒன்று. இன்று அதனைக் காண விழைவோர் அமெரிக்காவின் பார்ன்ஸ் தொகுப்புக்குச் செல்ல வேண்டும். ஏற்கப்பட்டவையோ 1929இல் லூவரை அடைந்தன. 1947இல் ஜு தெ போம் நூதனசாலைக்கும், 1986இல் ஓர்சே நூதனசாலைக்கும் மாற்றப்பட்டன.

மறதியும் மீட்பும்

நண்பர்களின் புகழ் வளர வளரக் கைபொத் 'ஓவியமும் தீட்டிய ஒரு சேகரிப்பாளர்' என்ற அளவில் குறுகினார். ஓவியங்களை விற்க வேண்டிய தேவையின்மையால் அவருடைய ஆக்கங்களுள் பெரும்பாலானவை குடும்பத்தினரிடமே தங்கின. சந்தையிலும் நூதனசாலையிலும் அவர் பெயர் அடிபடவில்லை. செல்வம் அவருக்குச் சுதந்திரத்தை அளித்தது. அதே செல்வம் அவரை 'அமெச்சூர்' என ஒதுக்கவும் காரணமாயிற்று. சிக்காகோ கலை நிறுவனம் 1964இல் 'பாரிஸ் வீதி, மழை நாள்' ஓவியத்தை வாங்கியதும், 1976-77இல் ஹூஸ்ரனிலும் புறூக்ளினிலும் நடைபெற்ற கண்காட்சியும், அவர் மறைந்த நூறாம் ஆண்டாகிய 1994இல் பாரிஸில் நடைபெற்ற பெருங்கண்காட்சியும் இந்நிலையை மாற்றின. 2023இல் அவரது படகோட்டி ஓவியம் ஒன்று 4 கோடி 30 இலட்சம் யூரோ செலவில் ஓர்சே நூதனசாலைக்குப் பெறப்பட்டது. தம் ஓவியம் ஒன்றையும் அரசுக்கு எழுதிவைக்காதவரின் ஓவியத்தை அரசு தேடிச் சென்று பெற்றது.

கைபொத்தின் வரலாற்றைச் செல்வந்தர் ஒருவரின் தயாளமாக மட்டும் கொள்வோர் உண்டு. பணம் இன்றேல் இத்தொகுப்பு உருவாகியிராது என்பது மறுக்கவியலாத உண்மை. சுவைக்கும் வர்க்க அடிப்படை உண்டு. ஆயின் அக்காலப் பாரிஸில் பணம் படைத்தோர் பல்லாயிரவர். அவர்கள் வாங்கியவை பெரும்பாலும் சலோன் பதக்கம் பெற்ற ஓவியங்கள். அவற்றுட் பலவற்றின் பெயர்களும் இன்று மறக்கப்பட்டுவிட்டன. கைபொத்தை அவர்களிலிருந்து வேறுபடுத்தியது, பதக்கத்தைப் பாராது ஓவியத்தைப் பார்த்த கண். அக்கண் தூரிகை பிடித்த கையால் பழக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்தில் பயில்வோருள் கோடு கீறிப் பழகுவோர் பலர் உளர். அவருள் ஓவியராய் வாழப்போவோர் மிகச் சிலரே. ஏனையோர் தம் பயிற்சி பயனற்றுப் போயிற்று என எண்ண வேண்டியதில்லை. தம் தலைமுறையின் ஆக்கங்களுள் எது நின்று நிலைக்கத் தக்கது எனக் காணும் கண்ணை அப்பயிற்சியே தருகின்றது. ஒரு சமுதாயத்தில் கலைஞர் தோன்றுதல் மட்டும் போதாது. அவரை அவர் வாழும் காலத்திலேயே கண்டுகொண்டு, அவருக்காக வாதாடி, அவருடைய ஆக்கங்கள் சிதறாது காக்கும் சுவைஞரும் தோன்றுதல் வேண்டும். அத்தகையோர் இன்மையால் பெயரும் ஆக்கமும் இன்றி மறைந்த கலைஞர் எந்நாட்டிலும் உண்டு. ஓர்சே நூதனசாலையில் இன்று இலட்சக்கணக்கானோர் கண்டு மகிழும் ஓவியங்களுட் பல, அந்நிலையிலிருந்து ஒரு சாசனத்தால் காக்கப்பட்டவை.